வீடு தேடிச் செல்லும் முதியோர் பராமரிப்பை ஊருக்கும் வெளிநாட்டுக்கும் எப்படித் தெரியப்படுத்துவது?

கேள்வி: ஜூன் 8

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் தனித்திருக்கும் முதியோரை வாரம் ஒருமுறை வீட்டுக்குச் சென்று பார்க்கும் சிறிய தொண்டு அமைப்பொன்றை நடத்துகிறோம். குருதி அழுத்தம் பார்ப்பது, மருந்து வேளைக்கு எடுக்கப்படுகிறதா என்று கவனிப்பது, கிளினிக் நாளில் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வது ஆகியனவே எங்கள் வேலை. பிள்ளைகளிற் பலர் கனடாவிலும் இலண்டனிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். எங்களைப் பற்றி ஊரிலும் தெரியவில்லை, வெளியிலும் தெரியவில்லை. கையில் இருக்கும் சிறு தொகையை முகநூல் விளம்பரத்தில் இடுவதா, நல்ல காணொளி ஒன்று எடுப்பிப்பதா என்று எங்கள் குழுவுக்குள் இழுபறியாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஜூன் 8, இரவு

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். போருக்குப் பின்னான ஆண்டுகளில் ஒரு தொண்டு நிறுவனத்தின் தொடர்பாடல் பிரிவில் வேலை செய்தேன், இப்போது அச்சகமொன்றில் வடிவமைப்புச் செய்கிறேன். இந்த இழுபறியை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். காணொளியா விளம்பரமா என்று கேட்கும் குழுக்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பார்த்து முடித்தவர் அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்? பெரும்பாலும் பதில் வராது. "எங்களைப் பற்றி அறிய வேண்டும்" என்பார்கள். அறிந்தவர் அறிந்துகொண்டு அப்படியே இருந்துவிடுவார்.

உங்களுக்கு மூன்று விதமான ஆட்கள் தேவைப்படுகிறார்கள். தாயைப் பற்றிய கவலையோடு ரொறன்ரோவில் இருக்கும் மகள் மாதந்தோறும் ஒரு தொகை அனுப்ப வேண்டும். ஓய்வுபெற்ற தாதியோ, பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் இளைஞரோ வாரத்தில் ஒரு காலைப்பொழுதைத் தர வேண்டும். இவர்கள் இருவரையும்விடக் கடினமானவர் மூன்றாமவர். முன்பின் தெரியாத உங்களுக்குப் படலையை, அதாவது வேலிக் கதவை, திறந்துவிட வேண்டிய அந்த அம்மா அவர். மூவருக்கும் ஒரே காணொளியைக் காட்டினால் மகள் அழுவார், இளைஞர் விருப்பக்குறி இடுவார், அம்மா பார்க்கவே மாட்டார்.

ஜூன் 9

உங்கள் முகநூற் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். உலருணவுப் பொதி வழங்கும் படங்கள் நிறைய இருக்கின்றன. ஒரு படத்தில் ஐந்து கிலோவுக்கு மேல் இராத பொதி ஒன்றை ஆறு பேர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஏழாவதாகப் பிடித்திருக்கும் முதியவர்தான் அதை வீட்டுக்குச் சுமந்து போகப் போகிறவர் என்பதை முகத்தை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அந்தப் படத்தைப் பார்க்கும் இன்னொரு முதியவர், உங்களிடம் உதவி பெற்றால் தானும் இப்படி நிறுத்தப்படுவார் என்று முடிவு கட்டிவிடுவார். படலை திறவாமைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜூன் 11

துன்பத்தைக் கண்ணாற் காட்டாவிட்டால் யாரும் காசு தரமாட்டார்கள் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் பாதி உண்மை, அந்தப் பாதிக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. டெபோரா ஸ்மோல், ஜோர்ஜ் லோவென்ஸ்ரைன், போல் சிலோவிக் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. பங்கேற்றோருக்கு ஐந்து டொலர் கொடுத்தார்கள், பிறகு அதிலிருந்து விரும்பியதைத் தானமாகக் கேட்டார்கள். மாலி நாட்டைச் சேர்ந்த ரொக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் வாசித்தவர்கள் சராசரியாக 2.38 டொலர் கொடுத்தார்கள். ஆபிரிக்காவில் எத்தனை இலட்சம் பேர் பட்டினி என்ற கணக்கை வாசித்தவர்கள் 1.14 டொலர் கொடுத்தார்கள். சிறுமியையும் கணக்கையும் சேர்த்துக் காட்டியபோது தொகை 1.43 டொலருக்கு இறங்கிவிட்டது.

இந்த மூன்றாவது எண்தான் நமக்குப் பாடம். நம்முடைய அமைப்புகள் ஒருவரின் கதையைச் சொல்லத் தொடங்கி, இரண்டாவது பத்தியிலேயே "இவரைப் போன்று வட மாகாணத்தில் ஆயிரக்கணக்கானோர்" என்று தாவிவிடும். வாசித்தவரின் மனம் அந்த இடத்தில் விலகிவிடுகிறது, தான் தரும் காசு ஆயிரக்கணக்கானோருக்குப் போதாது என்று அது தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது.

எனினும் அந்த ஆய்வு ஒருவரின் கதையைச் சொல்லச் சொல்கிறது, அவரை அழவைக்கச் சொல்லவில்லை. அயர்லாந்தின் தொண்டு நிறுவனங்களது கூட்டமைப்பாகிய டோகாஸ், படங்களுக்கும் செய்திகளுக்குமாக ஒரு நெறிமுறை வழிகாட்டியையே வைத்திருக்கிறது. அதன் சாரம், படத்தில் இருப்பவரின் மானத்தையும் சம்மதத்தையும் காசுக்கு முன்னே வைக்க வேண்டும் என்பது. உங்கள் வேலைக்கு அது இயல்பாகவே பொருந்தும். கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வந்த தொண்டரை "நீ போன கிழமை ஏன் பிந்தி வந்தாய்?" என்று கேட்கும் ஆச்சியைக் காட்டுங்கள். காசு தருபவர் அந்த ஆச்சியில் தன் தாயைக் காண்பார்.

ஜூன் 11, சற்றுப் பின்னர்

மேலே எழுதியதற்கு ஒரு நிபந்தனை சேர்க்கிறேன். ஊர் சிறியது. பெயரை மாற்றி முகத்தை மங்கலாக்கினாலும், பின்னால் தெரியும் கிணற்றுக்கட்டும் வேலியும் போதும், அது யாருடைய வளவு என்று சுன்னாகத்திலிருந்து ரொறன்ரோவின் ஸ்காபரோ வரை தெரிந்துவிடும். "அந்த வீட்டுப் பிள்ளைகள் தாயைக் கைவிட்டுவிட்டார்கள்" என்ற பேச்சு மறுநாளே தொடங்கும், அதன் பிறகு அந்தப் பிள்ளைகள் உங்களுக்கு உதவுவார்களா என்பதை எண்ணிப் பாருங்கள். ஆகவே தாயிடம் மட்டுமன்றிப் பிள்ளையிடமும் சம்மதம் கேளுங்கள். நோயைப் பற்றி எழுதுவதாயின் இன்னும் கவனம் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவல்களைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையில் வைத்திருக்கிறது. "நீரிழிவால் காலை இழந்த" என்று படத்தின் கீழ் எழுதுவதற்கு முன்னர் அந்த வரி யாருக்குத் தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் 15

நம்மைப் போன்ற சிறியவர்களுக்கு இந்தத் தீவிலேயே உதாரணம் இல்லையா என்று கேட்டவருக்கு: ஹட்சன் சில்வா இருக்கிறார். மருத்துவ மாணவராக இருந்த காலத்தில், 1958இல், பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். இறந்த பின் கண்களைத் தாருங்கள் என்பதுதான் அதன் வேண்டுகோள். பிறகு தம் தாய் இறந்தபோது அவருடைய கண்களையே தானமாகக் கொடுத்தார். 1961இல் கண்தானச் சங்கம் உருவாயிற்று. 1964இல் ஐஸ் இட்ட குடுவையில் வைத்துச் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. அதன் பின்னர் இலங்கை பல நாடுகளுக்கு விழிவெண்படலம் அனுப்பும் நாடாயிற்று.

விளம்பரக்காரர் கண்ணோடு பார்த்தால் அந்த வேண்டுகோள் மிகக் கடினமானது. சாவைப் பற்றிப் பேசுகிறது, உடலை அறுப்பதைப் பற்றிப் பேசுகிறது. அது எடுபட்டமைக்கு எனக்குத் தெரியும் காரணங்கள் இரண்டு. ஒரு படிவத்தில் ஒப்பமிட்டால் கேட்டது முடிந்துவிடுகிறது. கேட்கப்படும் செயலும் மக்களிடம் ஏற்கனவே இருந்த கதையோடு ஒட்டிக்கொண்டது. தெற்கில் தன் கண்களைக் கொடுத்த சிவி மன்னனின் ஜாதகக் கதையைப் பன்சலையில், அதாவது பௌத்த விகாரையில், கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். நமக்கும் கண்ணப்பர் இருக்கிறார், ஆனால் அவரைப் புராணபடனத்தோடு நிறுத்திவிட்டோம்.

ஜூன் 16

இல்லை, முதியோர் பராமரிப்புக்குக் கண்ணப்பரைச் சுவரொட்டியில் போடச் சொல்லவில்லை. தயவுசெய்து வேண்டாம்.

ஜூன் 23

நடைபவனி நடத்தலாமா என்ற யோசனை வந்திருக்கிறது. செய்யலாம், ஆனால் 2011இல் நடந்த 'ட்ரெயில்' நடை எதனால் வென்றது என்று முதலில் பாருங்கள். தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றரை 27 நாள்களில் நடந்தார்கள். நோக்கம் தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை ஒன்றைக் கட்டுவது. போர் முடிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த நேரத்தில் தெற்கிலிருந்து வடக்கிலுள்ள ஒரு வைத்தியசாலைக்காக நடந்து வருகிறார்கள் என்பது தனியே ஒரு செய்தி, அதற்குப் பத்திரிகைகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 2016இல் அதே வழியைத் திருப்பி, பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு, காலியில் கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக நடந்தார்கள்.

முழுத் தூரமும் நடக்கத் தேவையில்லை, ஒரு நாள் வந்து சேர்ந்து நடந்தாலும் நடந்தவர்தான் என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. நம்மூர் நடைபவனிகளில் இந்த இரண்டுமே இருப்பதில்லை. பாடசாலைப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்துவார்கள், ஒரே எழுத்துள்ள தொப்பி கொடுப்பார்கள், பதாகையின் பின்னால் அதிபரும் பிரமுகர்களும் நூறு மீற்றர் நடந்து வாகனத்தில் ஏறுவார்கள். எங்கே போகிறோம், போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று பிள்ளைகளுக்கே தெரியாது. நீங்கள் நடப்பதாயின், நடக்கும் ஒவ்வொரு வீதியிலும் ஒரு முதியவரின் படலையில் நின்று தேநீர் குடித்துவிட்டுப் போகும்படி வழியை வகுத்துக்கொள்ளுங்கள். அமைப்பு என்ன செய்கிறது என்பது அதிலேயே விளங்கிவிடும்.

ஜூலை 2

புலம்பெயர்ந்தோர் பற்றி. ரொறன்ரோவிலிருந்து எழுதிய சகோதரர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது: "அண்ணா, எங்களுக்கு வேண்டுகோள் குறைவில்லை, கணக்குத்தான் குறைவு." பாடசாலைப் பழைய மாணவர் சங்கம், ஊர்ச் சங்கம், கோயில் திருப்பணி, வாசிகசாலைக் கட்டடம் என்று ஒவ்வொரு மாதமும் ஒரு குரல் அவர்களை அடைகிறது. கொடுத்தபின் அந்தக் குரல் மறைந்துவிடுகிறது, அடுத்த தேவைக்குத்தான் மீண்டும் கேட்கிறது.

எனவே முதல் வேலை விளம்பரமன்று. வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும், தலைவரின் மைத்துனர் பெயரில் இருந்தால் எவ்வளவு அழகான காணொளியும் பயன்படாது. பதிவிலக்கத்தை ஒவ்வொரு அறிவித்தலிலும் இடுங்கள். மாத முடிவில் வரவும் செலவும் ஒரே பக்கத்தில், கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை, படமெடுத்துக் காசு தந்த அனைவருக்கும் அனுப்புங்கள். நான் வேலை செய்த இடத்தில் பளபளப்பான ஆண்டறிக்கை ஒன்றை வடிவமைக்க வாரக்கணக்கில் மினக்கெட்டோம். அதைத் திறந்து பார்த்ததாக எந்தக் கொடையாளரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் களப்பணியாளர் ஒருவர் தன்பாட்டில் அனுப்பிய "இன்று கூரை முடிந்தது" என்ற ஒரு வரிக்கும் படத்துக்கும் உடனே மூன்று நாடுகளிலிருந்து பதில் வந்தது.

நேரமும் பாருங்கள். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு இங்கிருந்து அனுப்பினால், கோடை நேரக் கணக்கில் ரொறன்ரோவில் காலை பத்தரை, இலண்டனில் பிற்பகல் மூன்றரை, பரிசில் நாலரை. மூன்று இடத்திலும் விடுமுறை, மூன்று இடத்திலும் ஆட்கள் விழித்திருக்கிறார்கள். சிட்னியில் மட்டும் நள்ளிரவு கடந்துவிடும், அவர்களுக்கு வேறாக அனுப்ப வேண்டியதுதான்.

ஜூலை 5

வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். குழுவில் ஒருவர் காலை வணக்கப் பூப்படம் போடுவார், இன்னொருவர் அரசியல் போடுவார், மூன்றாம் நாள் மகள் அறிவித்தலை மௌனமாக்கிவிடுவார். ஒலிபரப்புப் பட்டியல் (broadcast list) மேலானது. ஒரு பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம், ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகவே போய்ச் சேரும். ஆனால் உங்கள் இலக்கத்தைத் தம் கைப்பேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது கிடைக்கும். அதனால் முதலில் கேட்க வேண்டிய உதவி காசன்று, இலக்கத்தைச் சேமிப்பது. பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2020இலேயே கட்டுப்படுத்திவிட்டார்கள் என்பதால், "எல்லோருக்கும் பகிருங்கள்" என்ற வரியையும் அதிகம் நம்ப வேண்டாம்.

ஊரிலிருக்கும் முதியோரிடம் பெரும்பாலும் சாதாரணக் கைப்பேசிதான் இருக்கிறது. குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து இடம் உண்டு, தமிழுக்கு 70தான். அதிலும் மெய்க்குறியும் உயிர்க்குறியும் தனித்தனி இடம் பிடிக்கும், 'தமிழ்' என்று எழுதவே ஐந்து இடம் போய்விடும். நீண்ட செய்தி இரண்டு மூன்றாகக் கணக்கிடப்பட்டுக் காசும் கூடும். "நாளை 8 மணி கிளினிக். கொப்பி எடுக்கவும்." என்ற அளவில் நிறுத்துங்கள்.

ஜூலை 20

இந்த இழையில் எழுதவேண்டும் என்று முதலிலிருந்தே நினைத்த விடயம் இதுதான், சுற்றி வளைத்து இப்போதுதான் வந்திருக்கிறேன்.

திதி நாளிலும் பிறந்த நாளிலும் முதியோர் இல்லத்துக்கோ சிறுவர் இல்லத்துக்கோ ஒருவேளை உணவு கொடுப்பது நம்மிடம் ஏற்கனவே உள்ள வழக்கம். எவரும் விளம்பரம் செய்து பழக்கியதன்று. இல்லங்கள் அதைப் பெற்றுக்கொள்கின்றன, மறந்தும்விடுகின்றன. அடுத்த ஆண்டு அந்தக் குடும்பத்துக்கு ஒரு வாரம் முன்னதாக ஒரு அழைப்பு எடுத்து "அப்பாவின் திதி வருகிறது, இம்முறையும் அவர் பெயரில் செய்வோமா?" என்று கேட்பவர் மிகக் குறைவு. அந்த ஓர் அழைப்பு ஆண்டு முழுவதும் இடும் பதிவுகளைவிடப் பெறுமதியானது.

செய்வதாயின் ஒழுங்காகச் செய்யுங்கள். திதி ஆங்கிலத் திகதியில் வராது, மாதத்தையும் பட்சத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணிதமா என்றும் கேட்க வேண்டும், இரண்டும் சில வேளைகளில் ஒரு நாள் முன்பின்னாகும். தவறான நாளில் நினைவூட்டினால் அந்த வீட்டில் உங்களை மறுபடி நம்பமாட்டார்கள்.

அடுத்தது கல்வெட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவு மலரைத்தான் சொல்கிறேன். அச்சகத்தில் எனக்கு வாரந்தோறும் வரும் வேலை அது. வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளின் புலம்பல், தேவாரம், பின்னட்டையில் நன்றி நவிலல் என்று அமையும். நூற்றுக்கணக்கில் அச்சிட்டு உறவினருக்கும் ஊராருக்கும் கொடுக்கிறார்கள், அதை எவரும் குப்பையில் எறிவதில்லை, சுவாமி அறையிலோ அலுமாரியிலோ வைக்கிறார்கள். இறந்தவரை நீங்கள் பராமரித்திருந்தால், குடும்பம் தானாக விரும்பினால், உள்ளே ஒரு பக்கம் கேளுங்கள். வேண்டுகோள் எழுத வேண்டாம். அந்த அம்மாவை வாரந்தோறும் சந்தித்த தொண்டர் அவரைப் பற்றி எழுதும் அரைப்பக்கம் போதும், கீழே அமைப்பின் பெயரும் இலக்கமும்.

ஜூலை 21

மரணத்தை விளம்பரமாக்குகிறேன் என்ற கண்டனம் வந்திருக்கிறது. கண்டனத்தில் நியாயம் உண்டு, எல்லை எங்கே என்று நானும் இரவில் யோசித்தேன். குடும்பம் கேட்காமல் நாமாகப் போய்க் கேட்பதையும், செத்தவீட்டு நாள்களுக்குள் வாய் திறப்பதையும் அந்த எல்லைக்கு வெளியே வைக்கிறேன். அதனால் "கேளுங்கள்" என்று நேற்று எழுதியதை "குடும்பம் கேட்டால் கொடுங்கள்" என்று மாற்றி வாசிக்கவும். திதி அழைப்பில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

இன்னொருவர் வேறொரு சிக்கலைச் சுட்டியிருக்கிறார்: சோறு கொடுக்க எல்லோரும் வருவார்கள், தொண்டரின் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்க யாரும் வரமாட்டார்கள். முற்றிலும் உண்மை. உங்கள் செலவில் பெரும்பகுதி எரிபொருளும் பயணப்படியும்தான். அதை "நிர்வாகச் செலவு" என்று எழுதினால் ஒளித்து வைப்பதாகத் தோன்றும். "அம்மாவின் பெயரில் ஒரு மாதக் கிளினிக் பயணம்" என்று திதி நாளுக்குரிய கொடையாக வையுங்கள், அந்த மாதம் யாரை எத்தனை தரம் அழைத்துச் சென்றீர்கள் என்று திருப்பிச் சொல்லுங்கள். சோற்றுக்கு இருக்கும் இடம் பெற்றோலுக்கும் கிடைக்கும்.

ஓகஸ்ட் 14

நல்லூர்த் திருவிழாக் காலம். இருபத்தைந்து நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் இல்லை, எல்லோரும் நடந்து வருகிறார்கள், வெளிநாட்டுப் பிள்ளைகளும் விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள். துண்டுப்பிரசுரம் கொடுக்கலாமா என்கிறீர்கள். கொடுத்ததிற் பெரும்பகுதி மண்ணில் கிடக்கும், நானே அச்சடித்துக் கொடுத்துவிட்டு அதன்மேல் நடந்து போயிருக்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டுபோகத் தகுந்த ஒன்றைக் கொடுங்கள். தடித்த அட்டை, பெரிய எழுத்து, கிளினிக் திகதியைக் குறிக்க இடம், மருந்தின் பெயரும் வேளையும் எழுதக் கோடுகள், மேலே 1990 என்ற அவசர இலக்கம். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை யாழ்ப்பாணத்துக்கு 2018இல் வந்தது, ஆயினும் அவசரத்தில் ஓட்டோ தேடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. உங்கள் இலக்கம் 1990க்குக் கீழே வரட்டும். வெளிநாட்டிலிருந்து வந்த மகள் அந்த அட்டையைத் தாயின் கட்டிலருகே ஒட்டிவிட்டுத்தான் விமானம் ஏறுவார்.

வீதி நாடகம் பற்றிக் கேட்ட இளைஞருக்கு: இந்த மண்ணுக்கு அது புதிதன்று. கண்ணிவெடி அபாயத்தை வடக்கில் ஊர் ஊராக விளக்கியதில் வீதி நாடகத்துக்குப் பங்குண்டு. மரியசேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றத்தைப் போன்ற அமைப்புகளால் நாடகம் பார்த்துத் தேறிய சனம் இது. அதனால் அரைகுறை நாடகத்தை உடனே கண்டுபிடித்துவிடும். முடிவில் ஒருவர் முன்னே வந்து கருத்துரை சொல்லும் நாடகமாயின் போடாதீர்கள். திருவிழா வீதியிலும் வேண்டாம், சனசமூக நிலைய முற்றத்தில், முப்பது பேருக்கு முன்னால் போடுங்கள்.

ஓகஸ்ட் 31

முகநூல் விளம்பரத்துக்குத் திரும்பி வருகிறேன், முதல் நாளில் வேண்டாம் என்றேன். கணக்கு அறிக்கை இரண்டு மாதம் போய்விட்டது, ஒலிபரப்புப் பட்டியல் இருக்கிறது, தொலைபேசிக்குப் பதில் சொல்ல ஆளும் இருக்கிறார் என்றால் இப்போது சிறு தொகை இடலாம். ரொறன்ரோ, இலண்டன், பரிஸ் என்று நகரத்தைக் குறித்து, தமிழில், ஒரே ஒரு வேண்டுகோளுடன் இடுங்கள்: "யாழ்ப்பாணத்தில் தனித்திருக்கும் அம்மாவை யார் போய்ப் பார்க்கிறார்கள்? எங்களுக்கு எழுதுங்கள்." எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். எழுதியவர் எத்தனை, அவர்களில் மாதக்கொடைக்கு வந்தவர் எத்தனை என்பதை மட்டும் ஒரு கொப்பியில் குறியுங்கள். தொடர்புகொள்ளும் ஒவ்வொருவரிடமும் எங்களை எப்படி அறிந்தீர்கள் என்று கேட்டு அதையும் எழுதுங்கள். அட்டையா, திதி அழைப்பா, விளம்பரமா என்று அடுத்த ஆண்டு உங்கள் குழு இழுபறிப்படும்போது அந்தக் கொப்பி உதவும்.

செப்டெம்பர் 10

அட்டையின் கோப்பை எனக்கு அனுப்பியவர்களுக்கு: யுனிகோட்டில் தந்திருக்கிறீர்கள், நல்லது. நம் அச்சகங்களில் இன்னும் யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் வேலை நடப்பதால், மாற்றும்போது கொம்பும் புள்ளியும் இடம் மாறுவதுண்டு. அச்சுப்படியை வாங்கி ஒருவர் வாய்விட்டு வாசிக்க மற்றவர் சரிபார்க்கட்டும். பாமினியில் தட்டியதை முகநூலில் அப்படியே ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், அதையும் கவனியுங்கள். இலச்சினையைச் சிறிதாக்கி இலக்கத்தைப் பெரிதாக்கியிருக்கிறேன். மூன்று இலக்கங்கள் தந்திருந்தீர்கள், ஒன்றை மட்டும் விட்டிருக்கிறேன். அது இரவு எட்டு மணி வரை யாருடைய கையில் இருக்கும் என்று முடிவு செய்து அறிவித்தால் அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.